கை தூக்காதவர்கள்

“எல்லாரும் கண்ணை மூடிக்குங்க” என்று போதகர் சொன்னார். எல்லோரும் மூடினார்கள். நான் மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. சுரங்க டவுன்ஷிப்பின் சுற்றுச்சுவரைத் தாண்டியதும் முந்திரித் தோப்பை ஒட்டி எங்கள் சபையின் தகரக்கூரைக் கூடம் இருக்கிறது. மூன்று மின்விசிறிகளில் நடுவில் உள்ளது மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டுத் தட்டும். அன்று அந்தச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

முன்னால் விரித்திருந்த பாயில் என் மகள் பியூலா முழங்காலில் நின்றிருந்தாள். அவள் தலைமேல் போதகர் கை வைத்திருந்தார். அந்த வியாழக்கிழமை அவள் கம்போடியாவுக்குப் புறப்பட வேண்டும்.

“மகளை மிஷன் ஊழியத்துக்கு முழு மனசோட ஒப்புக்கொடுக்குற தாய் தகப்பன், கையை உயர்த்துங்க.”

பக்கத்தில் என் மனைவி எஸ்தரின் கை உடனே மேலே போனது. என் கை முழங்காலிலேயே இருந்தது. அதில் கிரீஸ் மணம் இன்னும் போகவில்லை. முந்தின நாள் பி ஷிப்ட், ராத்திரி வரை வேலை.

அந்தக் கை ஏன் எழவில்லை என்பதைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

சத்தமில்லாத ரோலர்

நான் சுரங்கத்தில் பெல்ட் பிரிவில் இருப்பதை முன்பே எழுதியிருக்கிறேன். வெட்டி எடுத்த பழுப்பு நிலக்கரி கிலோமீட்டர் கணக்கில் ரப்பர் பெல்ட்டில் ஓடும். பெல்ட்டுக்கு அடியில் ஆயிரக்கணக்கான ரோலர்கள் உருண்டுகொண்டே இருக்கும். அதன் ஓரமாக நடந்துபோய்க் காது கொடுத்துக் கேட்பதுதான் என் வேலை.

கீச்சிடும் ரோலரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. குறித்துக்கொண்டு மாற்றிவிடலாம். சத்தமே போடாத ரோலர்தான் ஆபத்து. அது உருளாமல் இறுகிப்போயிருக்கும். மேலே ஓடும் பெல்ட் அதை உரசி உரசிச் சூடேறித் தீப்பிடித்துவிடும்.

இருபத்தைந்து வருடமாக இதே வேலை. அதனால் எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தும். வாய் திறந்து கேட்கவும் மாட்டேன். கூச்சம். சந்தேகமும் கூச்சமும் ஒரே ஆளுக்கு இருந்தால் அவன் பாடு பெரும்பாடு.

மாதம் ஒரு கடிதம்

சாமுவேல் எங்கள் டவுன்ஷிப் பையன். அவன் அப்பாவும் நானும் ஒரே பெல்ட்டில் வேலை பார்த்தவர்கள். பாலிடெக்னிக் முடித்து, இங்கே காண்ட்ராக்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, ஊழியத்துக்கு அழைப்பு வந்தது என்று மனைவியோடு கம்போடியாவுக்குப் போனான். அங்கே பெரும்பாலும் புத்த மதத்தினர். கிறிஸ்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் என்று போதகர் சொல்வார். ஒரு கிராமத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திக்கொண்டு, சபை ஒன்றை நாட்டுவது அவர்கள் வேலை.

மாதத்தின் முதல் ஞாயிறு அவன் கடிதத்தைப் போதகர் வாசிப்பார். “இந்த மாசம் பதினாலு கைகள் உயர்ந்தன, அல்லேலூயா” என்பார். கூடம் அதிரும். அடுத்த மாதம் பதினாறு. அதற்கடுத்து பன்னிரண்டு.

கை உயர்த்துவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கூட்டத்தின் முடிவில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்பார்கள். உயர்ந்த கையெல்லாம் மீட்கப்பட்ட ஆத்துமா. எங்கள் சபைகளில் இது வழக்கம்.

சாமுவேல் முதல் கடிதத்தில், அது முப்பது வீடுள்ள கிராமம் என்று எழுதியிருந்தான். நான் மாதாமாதம் மனதுக்குள் கைகளைக் கூட்டிக்கொண்டே வந்தேன். ஒரு வருடம் முடிவதற்குள் அந்த ஊர் மக்களைவிட அந்த ஊர்க் கைகள் அதிகமாகிவிட்டன.

யாரிடமும் சொல்லவில்லை.

கேன்டீனில் ராஜேந்திரன்

இப்படி இருக்கும்போதுதான் பியூலா ஒருநாள், சாமுவேல் அண்ணன் பள்ளிக்கு டீச்சர் தேவைப்படுகிறதாம், தான் போவதாகச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு. எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. மழலையர் பள்ளிப் பயிற்சி முடித்து இங்கேயே ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஸ்தர் அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

கேன்டீனில் ராஜேந்திரன் பிடித்துக்கொண்டான். குள்ளஞ்சாவடிப் பக்கம் எங்கள் ஊர்க்காரன். நிலம் சுரங்கத்துக்குப் போனபோது இருவர் வீட்டு நிலமும் ஒன்றாகப் போனது, வேலையும் ஒன்றாகக் கிடைத்தது. சபையில் என் பெயர் காலேப். அவனுக்கு நான் எப்போதும் கலியமூர்த்தி.

“என்னா கலியா, பொண்ண கம்போடியாவுக்கு அனுப்புறியாமே?”

“யாரு சொன்னது?”

“ஊரே சொல்லிகினு கீது. நீ நியூஸே பாக்கறதில்லியா? கம்ப்யூட்டர் வேலன்னு கூட்டிகினு போயி ரூம்ல வச்சிப் பூட்டிடறானுங்க. போனு போட்டு ஊர ஏமாத்துற வேல. தப்பிச்சி வந்த பசங்க டிவில அழுவுறானுங்க.”

“இது பள்ளிக்கூடம்டா.”

“அவனுங்களும் கசாப்புக் கடைன்னு போர்டு வச்சிகினா கூப்புடறானுங்க? ரெண்டு கேளு. பாஸ்போர்ட்டு யாரு கையில இருக்கும்? கதவுக்குத் தாப்பா உள்பக்கமா, வெளிப்பக்கமா?”

பிறகு டீயை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்: “நீ எங்க கேக்கப்போற. பஸ்ல மிச்சச் சில்லறையே கேட்டு வாங்க மாட்ட.”

பலாச்சுளைத் தட்டு

சாமுவேல் விடுமுறையில் வந்தபோது எங்கள் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிட வந்தான். பண்ருட்டியிலிருந்து பழம் வாங்கி வந்து சுளை எடுத்து வைத்திருந்தாள் எஸ்தர். வீடு முழுக்கப் பலா மணம். அவன் மெலிந்து, கறுத்து, வயதுக்கு மீறி முன்தலை நரைத்திருந்தான். உள்ளே வந்ததும் இரண்டு கையையும் குவித்து மூக்குவரை உயர்த்திக் கும்பிட்டான்.

“என்னப்பா, அங்கயும் கும்பிடுறதுதானா?” என்றாள் எஸ்தர்.

“ஆமா ஆன்ட்டி. பெரியவங்கன்னா கை இன்னும் மேல போகணும்.”

அவளும் பியூலாவும் அடுப்படிக்குப் போனார்கள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன்.

“தம்பி, பாஸ்போர்ட் யாருகிட்ட இருக்கும்?”

“அவ கையிலதான் அங்கிள்.”

“அவ தங்குற வூட்டுக் கதவு... தாப்பா எந்தப் பக்கம்?”

அவன் சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்து ஒரு வீடியோ காட்டினான். உயரமான மரக்கால்கள்மேல் நிற்கும் வீடு. அதன் அடியில் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பாடுகிறார்கள். மேலே ஏறும் படி, கதவு. தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது.

எனக்கு அது போதவில்லை. வீடியோவில் என்ன வேண்டுமானாலும் காட்டலாம்.

“அந்த ஊர்ல எத்தனை பேரு?”

“நூத்தி அம்பது இருக்கும்.”

“நீ எழுதுற கை அதுக்கு மேல போவுதே தம்பி.”

கேட்டுவிட்டு நானே பயந்துபோனேன். சாமுவேல் எடுத்த சுளையைத் தட்டிலேயே வைத்தான்.

“எந்தக் கை அங்கிள்?”

“மாசம் பதினாலு, பதினாறுன்னு.”

“நான் அப்படி எழுதலையே. பதினாலு பேர் வந்தாங்கன்னுதான் எழுதுவேன். பாதிப் பேர் பிள்ளைங்களோட அம்மாங்க. போன மாசம் வந்தவங்களேதான் இந்த மாசமும்.”

வந்தவர்களும் தூக்கியவர்களும்

போதகர் பொய் சொன்னாரா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு சாமுவேலே நேரில் போய் அவரிடம் கேட்டான். அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாராம். “கூட்டத்துக்கு வர்றவங்க கை தூக்குவாங்கதானே பிரதர்? அதைத் தனியா வேற எழுதணுமா?”

இந்தத் தவறை எங்களைப் போன்ற சபைக்காரர்கள்தான் செய்வோம். எங்கள் கூடத்தில் வந்தவர்கள் எல்லோரும் தூக்குவார்கள். வருவதும் தூக்குவதும் எங்களுக்கு ஒன்று. அவர் கண்ணில் ‘வந்தார்கள்’ என்ற சொல் ‘தூக்கினார்கள்’ என்றே பட்டிருக்கிறது.

ஆனால் அது பிறகு. அன்று பலாச்சுளைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு சாமுவேல் வேறொன்று சொன்னான்.

“முதல் வருஷம் ஒரே ஒரு தடவை கை தூக்கச் சொன்னேன் அங்கிள். அந்த வீட்டுக்கு அடியிலதான் கூட்டம். அரைகுறை பாஷைல ஒரு மணி நேரம் பேசினேன். ஏத்துக்கிறவங்க கை தூக்குங்கன்னேன். அத்தனை பேரும் தூக்கினாங்க. புத்த கோயில் கமிட்டித் தலைவர்கூட. நான் அழுதுட்டேன். மறுநாள் காலைல பாக்கிறேன், பிக்குங்க வரிசையா வர்றாங்க, அதே கைங்க அவங்க பாத்திரத்துல சோறு போடுது.”

“அப்புறம்?”

“கோவம் வந்துடுச்சு. ஒரு பாட்டிகிட்ட போய்க் கேட்டேன். அவங்க சொன்னாங்க, நீ அவ்ளோ தூரத்துல இருந்து வந்து, வேர்த்து ஊத்த நின்னு கத்துறே. ஒருத்தரும் கை தூக்கலைன்னா உன் முகத்தை எங்க வச்சுக்குவே? பாவமா இருந்துச்சு, தூக்கினோம். சாப்பிட்டியா நீ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும்விட்டது.

“அதோட கை தூக்கச் சொல்றதை விட்டுட்டேன். ஆறு வருஷத்துல நிஜமா நம்பினவங்கன்னா ஒருத்தர். அந்தப் பாட்டிதான். அவங்களும் வருஷத்துல பதினஞ்சு நாள், செத்துப்போனவங்களுக்குச் சோறு வைக்கிற பண்டிகைக்குக் கோயிலுக்குப் போய்ச் சமைச்சுக் குடுப்பாங்க. முதல்ல தடுத்தேன்.”

“இப்போ?”

“இப்போ வெங்காயம் உரிச்சுக் குடுக்கிறேன். இதை எழுதினா இங்க யாரும் நமக்காக ஜெபிக்க மாட்டாங்கன்னு ஜாய் சொல்றா.” ஜாய் அவன் மனைவி.

என் அப்பா இறந்த வருடம், ஆடி அமாவாசைக்கு என் அண்ணன் படையல் வைக்கக் கூப்பிட்டான். நான் போய் வேலியோரம் நின்றுவிட்டு, இலையில் கை வைக்காமல் திரும்பினேன். பஸ் ஏறும்போது அண்ணன் ஒரு தூக்குவாளியில் வடையும் பாயசமும் கொடுத்து, “இது படைக்காததுடா, தனியா எடுத்து வச்சேன்” என்றான். வழியெல்லாம் அதைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

இதைச் சாமுவேலிடம் சொல்லவில்லை. அதைவிடப் பெரிதாக வேறொன்று வாயிலிருந்து வந்துவிட்டது.

என் கை

“நானும் அப்படித் தூக்குனவன்தான் தம்பி” என்றேன்.

கல்யாணமான புதிது. எஸ்தர் வீட்டில் ஏற்கனவே சபைக்குப் போகிறவர்கள். டவுன்ஷிப் மைதானம் ஒன்றில் மூன்று நாள் கூட்டம். ஏ ஷிப்ட் முடித்து, குளித்து, அவளோடு போய் உட்கார்ந்தேன். மணல்தரை, டியூப்லைட், சுற்றிப் பூச்சி. விடியற்காலை எழுந்த களைப்பு. கண்ணை மூடச் சொன்னார்கள். எனக்கு அதைவிட நல்ல வார்த்தை வேறில்லை. தூங்கிவிட்டேன்.

தோளில் ஒரு கை பட்டது. பேட்ஜ் குத்திய தொண்டர் ஒருவர் குனிந்து, “பிரதர், உங்களைத்தான் கூப்பிடுறாரு” என்றார். யார் கூப்பிடுகிறார், எதற்கு என்று தெரியவில்லை. சுற்றிப் பார்த்தேன், எல்லார் கையும் மேலே. நானும் தூக்கினேன். முன்னால் வரச் சொன்னார்கள், போனேன். அட்டையில் எழுதப் பெயர் கேட்டார்கள், சொன்னேன். எஸ்தர் அழுதாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, நான் தூங்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

இருபத்து நான்கு வருடம் சொல்லவில்லை. சபையில் ஒருநாளும் எழுந்து, எப்படி நம்பிக்கைக்கு வந்தேன் என்று சாட்சி சொன்னதில்லை. கூச்சம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். பாதி கூச்சம்தான். மீதி இது.

சொல்லி முடித்து நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் பியூலா நின்றிருந்தாள். கையில் தண்ணீர்ச் செம்பு.

“அப்ப நீங்க நம்பவே இல்லையாப்பா?”

“நம்புறேன்.”

“எப்பலேர்ந்து?”

“தெரியல கண்ணு. பெல்ட் ஓரமா தனியா நடக்கறப்போ பேச ஆரம்பிச்சேன். எந்த வருஷம்னு ஞாபகமில்ல. அப்போ யாரும் எண்ணல.”

அவள் செம்பை என் அருகில் வைத்தாள். “நானும் ஆறு வயசுல தூக்கினேன்பா. சண்டே ஸ்கூல்ல. தூக்கினா மிட்டாய் குடுத்தாங்க” என்றாள். உள்ளே எஸ்தர் தட்டுக் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அவளும் கேட்டுவிட்டாள் என்று புரிந்தது.

மறுநாள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது எஸ்தர் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து, “அன்னிக்குக் கொறட்ட வேற வுட்டீங்க. எனக்குத் தெரியாதா?” என்றாள்.

நான் செருப்பை மாட்டாமல் நின்றேன்.

“நீங்க எழுந்து போனீங்களே, அதுக்குத்தான் அழுதேன்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மின்விசிறி தட்டிய நேரம்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

போதகர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். எஸ்தரின் கை மட்டும் தெரிந்தது. “தாய் *தகப்பன்*” என்று இரண்டாம் முறை அழுத்திச் சொன்னார். மின்விசிறி தட்டியது. மூன்றாம் முறையும் சொன்னார்.

பாயில் இருந்த பியூலா கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தாள். நான் அனுப்பமாட்டேன் என்று நினைத்துவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பெட்டி கட்டியாகிவிட்டது. ஆனால் என் சம்மதம் இல்லாமல் அவள் போகமாட்டாள். அது எனக்குத் தெரியும்.

கையைத் தூக்கிவிடலாம். எளிது. ஒருமுறை தூக்கிப் பழகியவன்தானே. ஆனால் இந்தக் கையை வைத்து அவளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் இடித்தது. எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். அறுபது எழுபது பேர்.

“நான் கை தூக்கல” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “கை தூக்கல. வாயாலதான் சொல்றேன். எனக்கு பயமாத்தான் இருக்கு. சந்தேகமும் போவல. ஆனா அவ போவட்டும்.”

எங்கோ ஒருவர் “ஆமென்” என்றார். நான் உட்காரவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் பாஸ்டர். அவ எழுதுறத அப்படியே படிங்க. பத்து பேரு வந்து ஒருத்தரும் கை தூக்கலன்னு எழுதுனா, அதையும் படிங்க.”

போதகரின் முகம் சிவந்திருந்தது. “சரிங்க பிரதர்” என்றார். ‘பிரதர்’ என்பதைத் தாழ்ந்த குரலில் சொன்னார். பின்வரிசையில் நின்ற சாமுவேல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மூன்று மணி

பியூலா போய் ஏழு மாதமாகிறது. அவள் கடிதங்களைப் போதகர் முழுதாக வாசிக்கிறார். போன மாதம், “ஒன்பது பேர் வந்தார்கள். மழையில் கூரை ஒழுகியதால் பாதியில் முடித்துவிட்டோம்” என்று வாசித்தார். அல்லேலூயா எழவில்லை. ஆனால் ஆராதனை முடிந்ததும் மூன்று பெண்கள் எஸ்தரிடம் வந்து, கூரையைச் சரி செய்தார்களா என்று கேட்டார்கள். கைகள் எத்தனை என்று வாசித்த காலத்தில் யாரும் எதையும் கேட்டதில்லை.

என் சந்தேகம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வீடியோவில் பேசுவாள். நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: “கதவைத் தொறந்து காட்டு.”

“அப்பா, ஒவ்வொரு வாரமுமா?”

“தொற.”

சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்துப்போய்த் தாழ்ப்பாளைக் காட்டுவாள். திறப்பாள். படி, செம்மண் தெரு, ஒரு புளியமரம். சைக்கிளில் யாராவது போவார்கள். அதன் பிறகுதான் என் மூச்சு சீராகும். ராஜேந்திரன் ஷிப்டில் தவறாமல் கேட்கிறான்: “கதவு தொறந்துச்சா?”

போன சனிக்கிழமையும் திறந்தாள். படிக்குக் கீழே ஒரு கிழவி நின்றிருந்தாள். தலையில் கட்டம் போட்ட துண்டு, கையில் மூடிய கிண்ணம். பியூலாவைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

“என்னா கேக்கறாங்க?”

“சாப்பிட்டியான்னு கேக்கிறாங்கப்பா. இவங்கதான் அந்தப் பாட்டி.”

பியூலா கைப்பேசியைக் காட்டி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். என் அப்பா என்று சொல்லியிருப்பாள். கிழவி கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு கையை மேலே தூக்கி ஆட்டினாள்.

நான் குவார்ட்டர்ஸ் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். எஸ்தர் கைப்பேசியைப் பிடித்திருந்தாள். எதிர் வீட்டுக்காரர் பைக்கைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

பார்த்தால் பார்க்கட்டும் என்று நானும் கையைத் தூக்கினேன்.